கோதை காத்த தீட்டு

அன்புள்ள சேகர்,

ரயிலின் கடைசிப் பெட்டியும் வளைவில் மறைந்த பிறகுதான் உனக்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. ஜங்ஷனில் அன்று தீபாவளி முடிந்து திரும்புகிற கூட்டம். அப்பா உனக்கு வாரப் பத்திரிகை வாங்கப் போயிருந்தார். நீ ஜன்னல் கம்பிக்கு உள்ளிருந்து, என்னைப் பார்க்காமல் எதிர் பிளாட்பாரத்தைப் பார்த்தபடி சொன்னாய்: "அம்மா, எனக்குப் பொண்ணுங்க மேல அந்த மாதிரி நினைப்பு ஒரு நாளும் வந்ததில்ல. பிரபாகரும் நானும் ஒரே ரூம்ல இருக்கோம்னு சொன்னேன்ல? அது வெறும் ரூம் மட்டும் இல்லம்மா. நீ படிச்சவ. உனக்குப் புரியும்." அதற்கு நான், "கூஜால தண்ணி பிடிச்சுக்கிட்டியா?" என்று கேட்டேன். நீ சிரித்துவிட்டாய். "பிடிச்சாச்சு. அப்பாவுக்காக அந்த உப்பிலியபுரத்துப் பொண்ணுக்குச் சரின்னு சொல்லிடறேன். நீ கவலைப்படாதே" என்றாய். அப்பா பத்திரிகையோடு வந்துவிட்டார். வண்டியும் கிளம்பிவிட்டது.

படித்தவள் என்று நீ சொன்னது எனக்குள் முள்ளாகத் தைத்துக்கொண்டது. இந்தக் கார்த்திகையோடு எனக்கு நாற்பத்தொன்பது முடிகிறது. கல்லூரியில் விலங்கியல் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்து உன் வயதில் பாதிக்கு மேல் ஆகிறது. உன்னைக் கொஞ்சி வளர்த்தவள் என்று என்னை யாரும் சொல்ல மாட்டார்கள். காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொள்வதற்கு முன்னால் தெர்மாமீட்டரைத் தேடுகிற தாய் நான். அப்படிப்பட்டவளிடம் நீ நம்பி ஒன்றைச் சொன்னாய். அதற்கு நான் செய்யக்கூடியது எனக்குத் தெரிந்த வேலைதான்: போய்ப் பார்ப்பது, கேட்பது, கேட்டதைச் சந்தேகப்படுவது. ஒரு மாதமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். அழுதேனா என்று நீ கேட்பாய். ஒரு முறை அழுதேன். அதைவிட அதிக நேரம் படித்தேன்.

முதலில் என் சொந்தத் துறையிலிருந்து தொடங்கினேன். இது இயற்கைக்கு மாறானது என்று எல்லோரும் சொல்வார்கள்; இயற்கையைப் பற்றிப் பேசுகிறவர்களில் நானும் ஒருத்தி என்பதால் அந்த வார்த்தையைப் பார்த்தால் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். மண்புழு ஆணும் பெண்ணும் ஒன்றாக இருக்கிற பிராணி. அதை வருஷா வருஷம் நான்தான் அறுத்துக் காட்டுகிறேன். ஆண் தேரையின் உடம்புக்குள் ஒரு சின்ன உறுப்பு உண்டு. விரைகளை நீக்கிவிட்டால் அது மெல்ல வளர்ந்து சூலகமாகிவிடும். காளை காளை மேல் ஏறுவதை மாடு வைத்திருக்கிற எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். புத்தகங்களோ அதை அடிக்குறிப்பில் போட்டுவிட்டு வேகமாக அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகின்றன. ஆனால் மண்புழுவைச் சாட்சிக்குக் கூப்பிட்டு மனிதனுக்கு நியாயம் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. குஞ்சைத் தின்கிற மீனும் இயற்கையில்தான் இருக்கிறது. இயற்கையைக் காட்டி உன்னைக் குற்றவாளியாக்கவும் முடியாது, உனக்கு நற்சான்று வாங்கவும் முடியாது என்ற முடிவுக்கு வந்தேன். உன்னிடமேதான் கேட்க வேண்டும்.

அதற்கு முன்னால் சட்டத்தையும் பார்த்துவிட்டேன். நம் தண்டனைச் சட்டத்தில் அதற்கு ஒரு பிரிவு இருக்கிறது, உனக்குத் தெரிந்திருக்கும். இயற்கையின் ஒழுங்குக்கு மாறாக நடப்பவர்களுக்கு ஆயுள் வரைக்கும் தண்டனை கொடுக்கலாம் என்கிறது. எழுதியவன் இங்கிலீஷ்காரன். அவன் ஊரில் போன வருஷம் பார்லிமெண்டில் பேசி, வயது வந்த இருவர் தனியிடத்தில் இருந்தால் குற்றமில்லை என்று மாற்றிவிட்டார்கள். ஸ்காட்லாந்துக்கு அது பொருந்தாதாம். எல்லைக் கோட்டைத் தாண்டினால் இயற்கையின் ஒழுங்கு மாறிவிடும் போலிருக்கிறது. பிரான்ஸில் அவர்களுடைய புரட்சிக்குப் பிறகு அப்படி ஒரு குற்றமே கிடையாது. ரஷ்யாவில் புரட்சியின்போது எடுத்தார்கள், பிறகு திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். ஜெர்மனியில் ஒரு மருத்துவர் உன்னைப் போன்றவர்களைப் பற்றி ஆராய்வதற்காகவே ஒரு நிலையம் நடத்தியிருக்கிறார். நாஜிகள் அதன் புத்தகங்களை வாரிக்கொண்டு போய்த் தெருவில் போட்டு எரித்தார்கள். நூலகத்தை எரித்தவர்கள் பக்கம் உண்மை இருந்ததாக நான் இதுவரை எங்கும் படித்ததில்லை. இவ்வளவும் உலகம். நம் ஊரில் இதைப் பற்றிப் பேச எனக்கு ஒரு வார்த்தை கூடக் கிடைக்கவில்லை, சேகர். இருக்கிறதெல்லாம் வசவு. உங்களுக்குள் நீங்கள் என்ன சொல்லிக்கொள்கிறீர்கள்? பம்பாய் பெரிய ஊர். உங்களைப் போல் மற்றவர்களும் இருப்பார்களே, ஒருவரை ஒருவர் எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்? எத்தனை வயதில் உனக்குத் தெரிந்தது? நான் எதையாவது பார்த்தும் பார்க்காமல் இருந்தேனா? சொல்ல விருப்பமில்லாத கேள்வியைத் தாண்டிப் போ. ஆனால் தாண்டிவிட்டேன் என்று மட்டும் எழுது, நான் அதைத் திரும்பக் கேட்க மாட்டேன்.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். கோதை டீச்சரையும் பிலோமினா டீச்சரையும் உனக்கு நினைவிருக்கும். கோதை எங்கள் கல்லூரியில் சரித்திரம் எடுத்தவள், ஸ்ரீரங்கத்துக்காரி. சின்னஞ்சிறு வயதில் கல்யாணம் ஆகி, வாழப் போவதற்கு முன்னாலேயே தாலியை இழந்தவள். அண்ணன்தான் அவளைப் படிக்க வைத்தார். பிலோமினா பாலக்கரையில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். கன்னியாஸ்திரீ ஆகப்போகிறேன் என்று வீட்டில் சொல்லிச் சொல்லியே அவள் கல்யாணத்தைத் தள்ளிக்கொண்டிருந்தாள்; கன்னியாஸ்திரீ ஆவதையும் தள்ளிக்கொண்டிருந்தாள். ஸ்ரீரங்கத்துக்கும் ஆகாமல் பாலக்கரைக்கும் ஆகாமல் இரண்டு பேரும் உறையூரில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு இருந்தார்கள். தெருவில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? விதவையை யாரும் பெண் கேட்டு வரப்போவதில்லை. இரண்டு பெண்கள் ஒரு வீட்டில் இருந்தால் அது சிக்கனம். 'டீச்சரம்மா வீடு' என்பார்கள். நானும் அதற்கு மேல் ஒன்றும் நினைத்ததில்லை.

ஒரு மார்கழியில் அவர்களோடு ஸ்ரீரங்கம் போனேன். வைகுண்ட ஏகாதசிக்கு முதல் நாள், பெருமாள் மோகினி அலங்காரத்தில் வருவார். எனக்குப் பக்தி கிடையாது என்று உனக்குத் தெரியும், ஆனால் வேடிக்கை பார்க்கிற புத்தி உண்டு. பட்டுப் புடவை, ஜடை, காதில் தோடு. ஆண்டுக்கு ஒரு நாள் பெருமாள் பெண்ணாக நடந்து வருவதைப் பார்க்க ஊரே நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. கிழவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பிலோமினா உள்ளே வர முடியாது என்பதால் கோபுரத்துக்கு வெளியே பூக்கடை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். கோதை வெளியே வந்ததும் அவளுக்காக அந்த நடையை நடந்தே காட்டினாள், இடுப்பை லேசாக ஒடித்து, தோளைத் திருப்பி. விதவைப் பெண் நடுத்தெருவில் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. பிலோமினா சிரித்துக்கொண்டே, "உங்க பெருமாள் புடவை கட்டினா ஊரே விழுந்து கும்பிடுது. எங்க மாதா ஒரு நாள் வேட்டி கட்டட்டும், பிஷப் மயக்கம் போட்டு விழுந்துடுவார்" என்றாள். "சும்மா இருடி, பூக்காரி முறைக்கறா" என்று கோதை அவள் கையைப் பிடித்து இழுத்தாள். இழுத்த கையைப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் விடவில்லை. அன்று அதை நான் பார்த்தேன். பார்த்ததைப் படிக்கத் தெரியவில்லை.

நீ பள்ளி இறுதி வகுப்பில் இருந்தபோது பிலோமினா மஞ்சள் காமாலையில் செத்துப்போனாள். அவள் தம்பிகள் வந்து உடலைப் பாலக்கரைக்கு எடுத்துப் போனார்கள். கோயில் பூசை, கல்லறை எல்லாம் அவர்கள் முறைப்படி நடந்தது. கோதை கல்லறைத் தோட்டத்தில் எல்லோருக்கும் பின்னால், கூட வேலை பார்த்த டீச்சர்களோடும் எங்களோடும் நின்றாள். அதற்கப்புறம் அவள் கல்லூரிக்கு வரவில்லை. இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு நான் உறையூர் போனேன்.

அந்த வீட்டை இப்போதும் என்னால் கண்ணுக்கு முன்னால் கொண்டுவர முடியும். கோதை கூடத்தின் மூலையில் வெறும் தரையில் உட்கார்ந்திருந்தாள். தலை வாரவில்லை. விளக்கு ஏற்றவில்லை. அவள் அண்ணன் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவருக்கு ஒரு துணை கிடைத்தது போல ஆகிவிட்டது.

"நீங்களே கேளுங்கோ. தீட்டாம் இவளுக்கு. யாருக்கு யார் தீட்டு? பங்காளியா, சம்பந்தியா?"

"எனக்குத் தீட்டு, அண்ணா. கிட்ட வராதே" என்றாள் கோதை.

"சிநேகிதி செத்தா ஒரு முழுக்குப் போட்டுட்டு வேலையைப் பாக்க வேண்டியதுதான். அதுவும் அவா கிறிஸ்தவா. அவாளுக்கே தீட்டு கிடையாது. உனக்கு எங்கேருந்து வந்தது? எந்தச் சாஸ்திரத்துல இருக்கு, காட்டு."

"சாஸ்திரத்தை நான் கேக்கலையே. தொடாதேன்னுதானே சொன்னேன்."

அவர் தலையில் அடித்துக்கொண்டு இறங்கிப் போனார். நான் உள்ளே போனேன். என் புத்தி எங்கே போகும் என்று உனக்குத் தெரியும். தீட்டு, மடி, விழுப்பு இவற்றையெல்லாம் வகுப்பிலேயே கேலி செய்கிறவள் நான். "கோதை, நீ ஹிஸ்டரி எடுக்கறவ. உனக்கு எதுக்கு இந்த மூடநம்பிக்கையெல்லாம்? எழுந்து குளி. நாளைக்குக் காலேஜுக்கு வா, மனசு மாறும்" என்றேன். நல்லதைத்தான் சொல்கிறேன் என்று நம்பிக்கொண்டே சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை. "நீயாவது கேப்பேன்னு நினைச்சேன்" என்றாள். என்ன என்றேன். "எத்தனை நாள்னு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. துக்கத்தில் ஏதோ சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, ஃபிளாஸ்கில் கொண்டுபோன காபியை வைத்துவிட்டு வந்தேன். கொஞ்ச நாளில் பிலோமினாவின் தம்பிகள் வந்து அவள் கட்டிலையும் தையல் மெஷினையும் எடுத்துப் போனார்கள். கோதை எதையும் வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்க அவளுக்கு என்ன பாத்தியதை? வீட்டைக் காலி செய்துவிட்டு, ஸ்ரீரங்கத்திலேயே ஒரு பள்ளியில் வேலை தேடிக்கொண்டு அண்ணன் வீட்டோடு போய்விட்டாள்.

உன்னை வண்டியேற்றிவிட்டுப் புத்தூருக்குத் திரும்பி வருகிற பஸ்ஸில், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து தீபாவளிச் செலவைப் பற்றிப் பேசிக்கொண்டு வருகிறார், எனக்கு அந்த 'எத்தனை நாள்' திடீரென்று காதில் விழுந்தது. நம் வீடுகளில் ஒரு சாவு விழுந்தால் முதலில் கேட்கிற கேள்வி அதுதானே? மகனுக்கு இத்தனை, பங்காளிக்கு இத்தனை, கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு இத்தனை, தூரத்து உறவுக்கு ஒரு முழுக்கு. எண்ணைச் சொன்னால் போதும், செத்தவர் உனக்கு யார் என்று கேட்டவருக்குத் தெரிந்துவிடும். கல்யாணப் பத்திரிகையில் ஒருவர் பெயரைப் போடாமல் விடலாம். தீட்டில் யாரையும் விட முடியாது. கோதையிடம் வேறு என்ன இருந்தது? புருஷன் போனால் பொட்டை அழிப்பார்கள், தாலியை வாங்குவார்கள். அவளிடம் அதையெல்லாம் எப்போதோ வாங்கியாகிவிட்டது. விதவை இரண்டாம் தடவை விதவையாக முடியாது. கழற்றுவதற்கு ஒன்றும் இல்லாதவள், பிலோமினா எனக்கு யார் தெரியுமா என்று ஊருக்குச் சொல்வதற்கு, அந்த ஊர் வைத்திருந்த ஒரே கணக்கை எடுத்துக்கொண்டாள். மூடநம்பிக்கை என்று அதைப் பிடுங்கப் பார்த்தேன் நான், படித்தவள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கம் போனேன். கோதை உத்தர வீதி வீட்டின் கூடத்தில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். தலை முக்கால்வாசி நரைத்துவிட்டது.

"என்ன, ஒரு வழியா காவேரியைத் தாண்டத் தோணித்தா உனக்கு?"

"ஒண்ணு கேக்கணும்."

"கேளேன். பீடிகை எதுக்கு?"

"அன்னிக்கு எத்தனை நாள், கோதை?"

பேனாவை மூடிக் கீழே வைத்தாள். உள்ளே அண்ணன் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். "பத்து" என்றாள் மெதுவாக. "முழுசா. அப்புறம் தலைக்கு ஸ்நானம் பண்ணிட்டுக் காலேஜுக்கு வந்தேன். நீ என்னைப் பாத்து, 'ஜுரமா, இப்ப தேவலையா?'ன்னு கேட்டே." அதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது, எனக்கும் வந்தது.

"யாருக்காகக் கேக்கறே? உனக்காக இருக்காது" என்றாள்.

நான் உன்னைக் கேட்காமல் உன் ரகசியத்தை ஒருவரிடம் சொன்னேன், சேகர். அந்த ஒருவர் கோதை. உனக்கு வருத்தமாக இருந்தால் எழுது. அவள் அதிர்ச்சி அடையவில்லை. "சேகரா? பிலோமினாவோட விசிலைத் திருடிண்டு தெருக் கோடி வரைக்கும் ஓடினவனா?" என்றாள். பிறகு, "கல்யாணம் பேசியிருக்கேள்னு கேள்விப்பட்டேனே?" என்றாள்.

"அப்பாவுக்காகச் சரிங்கறான்."

"அவன் அப்பாவுக்காக. அந்தப் பொண்ணு யாருக்காக?"

கோதை பேனாவை மறுபடி எடுத்துக்கொண்டாள். "எனக்குக் கல்யாணம் ஆனப்போ என்னை யாரும் கேக்கலை. அந்தப் பிள்ளை முகம்கூட எனக்கு ஞாபகம் இல்லை. ஒரு விதத்துல நான் தப்பிச்சேன். இவ அப்படி இல்லையே. தினமும் எதிர்ல உக்காண்டு, என்கிட்ட என்ன குறைன்னு யோசிச்சுண்டே சாதம் போடுவா." அவ்வளவுதான் சொன்னாள். அதற்குமேல் தாள் திருத்த ஆரம்பித்துவிட்டாள்.

அந்தப் பெண்ணை உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும் என்பதை நீ நினைத்துப் பார்த்திருக்க மாட்டாய். சரோஜா என் மாணவி. விலங்கியல் மூன்றாம் ஆண்டு, ஹாஸ்டலில் இருக்கிறாள். அவள் அப்பாவுக்கு உப்பிலியபுரத்தில் நெல்லும் கடலையும் விளைகிற நிலம். உன் அப்பாவுக்குத் தூரத்து உறவு. முதல் வருஷம் தவளை தட்டிலிருந்து குதித்தபோது மற்றப் பெண்கள் பெஞ்சு மேல் ஏறினார்கள், இவள் அதைப் பிடித்துக்கொண்டு வந்து, "மிஸ், இதுக்கு மயக்கம் தெளிஞ்சிடுச்சு, பாவம், வேற எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். கல்யாணப் பேச்சு வந்ததிலிருந்து என் வகுப்பில் என்னை நேராகப் பார்க்க மாட்டாள். தலையைக் குனிந்துகொண்டு தனக்குள் சிரித்துக்கொள்வாள். அவளுக்கு இது பிடித்திருந்தது. நீ தியாகம் என்று நினைத்துக் கொடுக்க வந்த 'சரி'யை அவள் சந்தோஷம் என்று நினைத்து வாங்கியிருப்பாள். உனக்கு ஒரே ஒரு புத்திமதி சொல்ல எனக்கு உரிமை உண்டென்றால் அது இதுதான்: யாருக்காகவும் எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடு, இன்னொருத்தி வாழ்க்கையை எடுத்து விட்டுக்கொடுக்காதே.

அப்பாவிடம் இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்றேன். பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "ஏன்?" என்றார்.

"அவனுக்கு இஷ்டமில்ல."

"கல்யாணம் பண்ணிக்க இஷ்டம் எதுக்கு? நான் உன்னை இஷ்டப்பட்டா கட்டிக்கிட்டேன்?"

"அதைத்தான் நானும் கொஞ்ச நாளா யோசிச்சுக்கிட்டிருக்கேன்" என்றேன்.

பேப்பர் கீழே இறங்கியது. "பம்பாய்ல வேற ஜாதிப் பொண்ணு எதையாவது பாத்து வெச்சிருக்கானா?"

"பொண்ணே இல்லைங்க" என்றேன். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பொன்மலை ஆபீசிலிருந்து வந்து காபி குடித்துக்கொண்டே, உப்பிலியபுரத்துக்குத் தாமே எழுதுவதாகவும், வழக்கம் போல ஜாதகம் சேரவில்லை என்று எழுதிவிடுவதாகவும் சொன்னார். நான் கூடாது என்றேன். ஜாதகம் ஏற்கெனவே பொருந்தியிருக்கிறது. இப்போது சேரவில்லை என்றால் வேறு ஜோசியர் ஏதோ தோஷம் கண்டுபிடித்துவிட்டார் என்று அந்தப் பெண் மேல்தான் விடியும். பையனுக்கு இப்போது கல்யாணம் வேண்டாமாம், உங்கள் பெண்ணை நாங்கள் குறை சொல்லவில்லை என்று எழுதச் சொன்னேன். ஜாதகத்தை நம்பாத நான் ஒரு ஜாதகத்தின் மானத்துக்காக மன்றாடுவதைப் பார்த்து அப்பாவுக்கே ஆச்சரியம். மற்றதை அவரிடம் எப்போது சொல்வது, சொல்வதா வேண்டாமா என்பது உன் காரியம். நான் உனக்கு முன்னால் ஓட மாட்டேன். எப்படி எடுத்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் தெரியவில்லை என்பதே எனக்கு ஒரு பாடம். பம்பாயிலும் ஜாக்கிரதையாக இரு. யாரை நம்புவது என்பதில் நிதானம் வேண்டும். இங்கிலீஷ்காரன் அவன் ஊரில் அழித்ததை இங்கே இன்னும் யாரும் அழிக்கவில்லை.

அப்பாவின் கடிதம் போய்ச் சேருவதற்கு முன்னால் சரோஜாவிடம் நானே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. நேற்று மத்தியானம் பிராக்டிகல் முடிந்து எல்லோரும் போன பிறகு அவளை இருக்கச் சொன்னேன். அவள் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். எதற்கு நிறுத்துகிறேன் என்று தானே ஏதோ நினைத்துக்கொண்டு முகம் சிவந்து நின்றாள்.

"சரோஜா, அந்தப் பேச்சு வேண்டாம்னு உங்க அப்பாவுக்கு எழுதறாங்க. உனக்கு முதல்ல நான் சொல்லணும்னு நினைச்சேன்."

குழாயை மூடினாள். "ஜாதகமா மிஸ்?"

"இல்ல. அது பொருந்தியிருக்கு."

"என் நிறமா?"

"இல்லைம்மா."

"எங்க அப்பா நகை விஷயத்துல ஏதாவது பேசிட்டாங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமே இல்ல."

"அப்ப என்கிட்ட என்ன குறை, மிஸ்?"

"உன்கிட்ட ஒரு குறையும் இல்ல."

துணியை எடுத்துக் கத்தரிக்கோலைத் துடைத்தாள். முன்பே துடைத்திருந்த கத்தரிக்கோல் அது. "அப்ப உங்க பையன்கிட்ட ஏதாவது குறையா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஏதோ வியாதி என்று அவளே நினைத்துக்கொண்டு, தப்பித்தோம் என்று ஆறுதல் அடைந்திருப்பாள். எனக்கும் சுலபமாக இருந்திருக்கும். வாய் வரைக்கும் வந்தது.

"அவன்கிட்டயும் இல்ல" என்றேன்.

அவள் யோசித்தாள். நல்ல மாணவி, விடமாட்டாள். "ரெண்டு பேர்கிட்டயும் குறை இல்லைன்னா அப்புறம் ஏன் மிஸ் வேண்டாங்கறீங்க?"

"காரணம் இருக்கு. அதைச் சொல்ற உரிமை எனக்கு இல்ல."

"பரீட்சையில நாங்க இப்படி எழுதினா நீங்க மார்க் போட மாட்டீங்க, மிஸ்" என்றாள். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. தட்டை அலமாரியில் வைத்துவிட்டு, போயிட்டு வரேன் என்று கூடச் சொல்லாமல் போனாள். இன்று வகுப்புக்கு வந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். என்னை நேராகப் பார்த்தாள். அது எனக்குப் பிடித்திருந்தது.

இதை உனக்கு ஏன் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன் என்றால், ஒரு மாதம் படித்ததிலும் கேட்டதிலும் எனக்குக் கிடைக்காதது அந்த ஆய்வுக்கூடத்தில் கிடைத்தது. நிரூபிக்காத எதையும் ஒப்புக்கொள்ளாதவள் நான், உனக்குத் தெரியும். உன் விஷயத்திலும் எனக்குள் ஒரு சந்தேகம் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. நான் எங்கோ தவறவிட்டேனோ, ஏதோ கோளாறோ என்று. அவனிடமும் குறை இல்லை என்று அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்லும்போது நான் பொய் சொல்கிறேனா என்று என் குரலையே கவனித்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்லும்போது என் குரல் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். அது மாறவில்லை, சேகர்.

அம்மா